படிக்காமல் இருக்க முடியுமா?

இக்கட்டுரையைத் தொடருமுன் ஒரு சிறு சோதனை செய்து பார்ப்போம். நொடி முள் உள்ள கடிகாரம் ஒன்றை அருகில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் பார்க்க நண்பர் ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கீழே உள்ள முதல் பட்டியலில் பெருக்கல் குறிகள் சிறு சிறு கூட்டங்களாகத் தரப்பட்டுள்ளன. ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை குறிகள் உள்ளன என்பதை வாய்விட்டு, இயன்ற அளவு விரைவாகச் சொல்லிக்கொண்டே செல்லுங்கள். முதல் கூட்டத்திற்கு 'மூன்று' என்பது விடை. தவறு நேர்ந்தால் திருத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்லவேண்டும்.

முதல் பட்டியல்:

××× — × — ×××× — ×× — ×××× — ×××
× — ×× — ××× — × — ×××× — ××

எத்தனை நொடிகள் ஆயின எனக் குறித்துக்கொண்டீர்களா? இனி இரண்டாம் பட்டியலுக்கு வாருங்கள். இங்கே குறிகளுக்குப் பதிலாக எண்கள் உள்ளன. ஆனால் எண்ணைப் படிக்கக்கூடாது. முன்போலவே ஒவ்வொரு கூட்டத்திலும் எத்தனை உருக்கள் உள்ளன என்பதை மட்டுமே சொல்லவேண்டும். இதிலும் முதல் கூட்டத்திற்கு 'மூன்று' என்பதே விடை.

இரண்டாம் பட்டியல்:

222 — 4 — 1111 — 33 — 3333 — 111
2 — 44 — 444 — 3 — 2222 — 11

என்ன நேர்ந்தது? நாக்கு ஓரிரு இடங்களில் தடுமாறியிருக்கும், எங்கேனும் தவறான எண் வாயிலிருந்து நழுவியிருக்கும், நேரமும் கூடியிருக்கும். இத்தனைக்கும் இரண்டு பட்டியல்களின் விடைகளும் ஒன்றேதான்; வரிசை கூட மாறவில்லை. ஒரு வேலையை இரண்டாம் முறை செய்யும்போது பழக்கத்தால் நேரம் குறையவேண்டும் அன்றோ? இங்கே கூடுகிறது! எண்களைப் படிக்கவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும், படிக்கக்கூடாது என்று நீங்களே உறுதி செய்துகொண்டும், அவை தாமாகவே படிக்கப்பட்டு நடுவே வந்து நின்றுவிட்டன.

இயற்பியல் ஆசிரியனாகிய நான் மனத்தைப் பற்றி எழுத வந்தது ஏன் என நீங்கள் கேட்கலாம். என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது ஓர் அம்மீட்டர்.

ஒரு மாணவனும் ஓர் அம்மீட்டரும்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஓம் விதிச் சோதனைக்குப் பல ஆண்டுகளாக 0 முதல் 1 ஆம்பியர் வரை காட்டும் அம்மீட்டர்களையே பயன்படுத்தி வந்தோம். அவற்றில் ஒரு சிறு பிரிவின் மதிப்பு 0.02 ஆம்பியர். ஓர் ஆண்டில் சில கருவிகள் பழுதாகவே, அதே உருவமும் அதே நிறமும் உடைய வேறு அம்மீட்டர்கள் வந்து சேர்ந்தன. அவை 0 முதல் 3 ஆம்பியர் வரை காட்டுபவை. ஒரு சிறு பிரிவு 0.1 ஆம்பியர். இந்த மாற்றத்தை வகுப்பில் தெளிவாகவே அறிவித்தேன். முகப்பிலும் எண்கள் அச்சிடப்பட்டே இருந்தன.

வகுப்பில் நன்கு படிக்கும் மாணவன் ஒருவன் அன்று கொண்டுவந்து காட்டிய மின்தடை, வரவேண்டியதைப் போல் ஐந்து மடங்கு இருந்தது. காரணம் வெளிப்படை. முள் காட்டிய பிரிவுகளை எண்ணிப் பழைய 0.02ஆல் பெருக்கியிருந்தான். "கண்ணைத் திறந்துகொண்டுதான் அளவு எடுத்தாயா?" என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "பார்த்துத்தான் சார் எழுதினேன்" என்றான். பார்க்காமல் எழுதிவிட்டுப் பொய்யும் சொல்கிறான் என்றே நான் எண்ணினேன். அதன்பின் அவன் என்னிடம் ஐயம் கேட்க வருவதையே நிறுத்திவிட்டான்.

சில மாதங்கள் கழித்துக் கல்லூரி அறிவியல் மன்றத்தில் பேசுவதற்காகச் செய்திகள் திரட்டியபோது, அமெரிக்க மாணவர் ஒருவர் தம் முனைவர் பட்டத்திற்காகச் செய்த சோதனை ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் சற்றுமுன் செய்தது அதன் நெருங்கிய உறவினமே. அதைப் படித்தபின் அந்த மாணவனின் சொற்கள் மீண்டும் மீண்டும் என் காதில் ஒலித்தன. 'பார்த்துத்தான் எழுதினேன்' என்பது உண்மையாகவே இருந்திருக்குமோ?

லைப்சிக் நகரில் ஒரு மாணவர்

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேராசிரியர் 1879ஆம் ஆண்டில் உளவியலுக்கென ஓர் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். மனத்தைப் பற்றி அமர்ந்து சிந்திப்பதோடு நில்லாமல், அதன் செயல்களைக் கருவி கொண்டு அளக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. அங்கே ஆய்வு மாணவராகச் சேர்ந்தவர் ஜேம்ஸ் மக்கீன் கேட்டல் என்னும் அமெரிக்க இளைஞர். 1886இல் அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற இவர், பின்னர் அமெரிக்க உளவியலின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

ஒரு பொருளைக் கண்டு அதன் பெயரைச் சொல்ல எவ்வளவு நேரமாகிறது என்பதைக் கேட்டல் அளந்தார். அப்போது ஒரு வியப்பான செய்தி வெளிப்பட்டது. 'சிவப்பு' என்ற சொல்லைப் படிக்க ஆகும் நேரத்தைவிட, சிவப்பு நிறத்தைக் கண்டு 'சிவப்பு' என்று சொல்ல ஆகும் நேரம் அதிகம்! வாயிலிருந்து வரும் சொல் ஒன்றுதான். நிறத்தைக் காண்பது மிக எளிய செயல். எழுத்துக்களை அடையாளம் கண்டு கூட்டிப் படிப்பதோ சிக்கலான செயல். ஆயினும் சிக்கலானது முந்திக்கொள்கிறது.

இதற்குக் கேட்டல் கூறிய விளக்கம் பழக்கம் என்பதே. எழுத்து வடிவத்தையும் அதன் ஒலியையும் நாம் எண்ணற்ற முறை இணைத்திருக்கிறோம். ஆதலால் அந்த இணைப்பு நம் முயற்சியின்றியே நடைபெறுகிறது. ஒரு நிறத்தைக் காணும் ஒவ்வொரு முறையும் நாம் அதன் பெயரைச் சொல்வதில்லை. ஆகவே அங்கே பெயரைத் தேடி எடுக்க ஒரு சிறு முயற்சி தேவைப்படுகிறது.

நாஷ்வில் நகரில் மற்றொரு மாணவர்

ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இவ்வேறுபாட்டைப் பலரும் பலவாறு ஆராய்ந்தனர். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், நாஷ்வில் நகரிலிருந்த ஜார்ஜ் பீபாடி ஆசிரியர் கல்லூரியில் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் என்னும் ஆய்வு மாணவர் இதில் ஒரு புதுக் கேள்வியைக் கேட்டார். 1897இல் வேளாண்மைக் குடும்பமொன்றில் பிறந்து, தம் முப்பதுகளில் முனைவர் பட்டத்திற்கு உழைத்துக்கொண்டிருந்தவர் இவர். சொல்லையும் நிறத்தையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டனர் முன்னோர். இரண்டையும் ஒரே இடத்தில் வைத்து மோதவிட்டால் என்ன ஆகும்? இதுவே ஸ்ட்ரூப்பின் கேள்வி.

அதாவது, 'சிவப்பு' என்னும் சொல்லை நீல மையில் அச்சிடுவது. 'நீலம்' என்னும் சொல்லைப் பச்சை மையில் அச்சிடுவது. பிறகு ஒரு முறை மையைப் பொருட்படுத்தாமல் சொல்லைப் படிக்கச் செய்வது; மற்றொரு முறை சொல்லைப் பொருட்படுத்தாமல் மையின் நிறத்தைக் கூறச் செய்வது. விலையுயர்ந்த கருவிகள் எவையும் தேவையில்லை. அச்சிட்ட அட்டைகளும் ஒரு நிறுத்து கடிகாரமும் போதும்.

கருவி எளிதே தவிர, அமைப்பு அத்தனை எளிதன்று. ஓர் அட்டையில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து என 100 சொற்கள். சிவப்பு, நீலம், பச்சை, பழுப்பு, ஊதா என ஐந்து நிறங்கள். ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு வரிசையிலும் இரு முறை வரவேண்டும். ஒரே நிறம் அடுத்தடுத்து வரக்கூடாது. எந்தச் சொல்லும் தன் நிறத்திலேயே அச்சாகக்கூடாது. மற்ற நான்கு நிறங்களிலும் அது சம அளவில் வரவேண்டும். இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு? அடுத்து வரப்போவதை முன்கூட்டியே ஊகிக்க இடந்தந்தால், அளப்பது மனத்தின் தடுமாற்றத்தையா, ஊகிக்கும் திறமையையா என்பது தெரியாமற் போகும். (மேலே நீங்கள் படித்த இரண்டாம் பட்டியலை மீண்டும் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் தனக்குரியதல்லாத மற்ற மூன்று எண்ணிக்கைகளிலும் ஒவ்வொரு முறை வந்திருப்பதைக் காண்பீர்கள்.)

நூறு சொற்கள் எதற்கு என்பதற்கும் ஒரு பயன் கூறலாம். தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காண நாம் ஓர் அலைவை மட்டும் அளப்பதில்லை. இருபது அலைவுகளுக்கான நேரத்தை அளந்து இருபதால் வகுக்கிறோம். கடிகாரத்தை அழுத்துவதில் கைக்கு நேரும் சிறு தாமதம் அப்போது பங்கிடப்பட்டு மிகச் சிறிதாகிவிடுகிறது. நூறு சொற்களை ஒருங்கே அளப்பதும் அதே முறைதான்.

47 நொடிகள்

முதல் சோதனையில் 70 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றனர். வேலை, சொற்களைப் படிப்பது. கறுப்பு மையில் அச்சிட்ட நூறு சொற்களைப் படிக்கச் சராசரி 41.0 நொடிகள் ஆயின. பொருந்தா நிறங்களில் அச்சிட்ட சொற்களைப் படிக்க 43.3 நொடிகள். வேறுபாடு 2.3 நொடிகள் மட்டுமே. இச்சிறு வேறுபாட்டை உறுதியானதாகக் கொள்ள இயலாதென்றே ஸ்ட்ரூப் கருதினார். சொல்லைப் படிப்பவனை மையின் நிறம் ஏறக்குறைய ஒன்றும் செய்வதில்லை.

இரண்டாம் சோதனையில் பங்கேற்றோர் 100 பேர். வேலை, நிறத்தைக் கூறுவது. வெறும் வண்ணச் சதுரங்கள் நூறின் நிறங்களைக் கூறச் சராசரி 63.3 நொடிகள் ஆயின. பொருந்தா நிறங்களில் அச்சிட்ட சொற்களின் மை நிறங்களைக் கூறவோ 110.3 நொடிகள்! வேறுபாடு 47 நொடிகள். அதாவது சுமார் 74 விழுக்காடு அதிகம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஏறத்தாழ அரை நொடி கூடுதல் எனக் கணக்கிடலாம். மனத்தின் அளவையில் அரை நொடி என்பது மிகப் பெரிய இடைவெளியாகும். முழுச் சொல் ஒன்றைப் படித்து முடிக்கவே 0.41 நொடிதான் ஆகிறது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இங்கே வண்ணச் சதுரங்களின் பங்கைக் கவனிக்கவேண்டும். 110.3 என்னும் எண் தனித்து நின்றால் எதையும் சொல்லாது. நிறம் கூறுவது இயல்பாகவே மெதுவானது என்று கேட்டல் முன்பே காட்டியிருக்கிறார் அல்லவா? அந்த இயல்பான மெதுவை 63.3 என்று தனியே அளந்து கழித்ததால்தான், எஞ்சிய 47 நொடிகள் சொல்லின் தலையீட்டால் வந்தவை என்று கூற முடிந்தது. ஒப்பீடு இல்லாத அளவீடு, சுழிப்பிழை பாராத திருகு அளவி போன்றது.

ஆக, சொல்லைப் படிப்பதை நிறம் தடுப்பதில்லை. நிறத்தைக் கூறுவதைச் சொல் கடுமையாகத் தடுக்கிறது. இது ஒருவழிப் பாதை. ஸ்ட்ரூப் இதனைக் 'குறுக்கீடு' என்றார். ஒளியியலிலும் நாம் குறுக்கீடு என்னும் சொல்லைப் பயன்படுத்துகிறோம். அங்கே இரண்டு அலைகள் சம உரிமையுடன் சந்தித்து, ஒன்றையொன்று சிதைக்காமல் கடந்து செல்கின்றன. இங்கே அப்படியன்று. வலியது எளியதை மறித்து நிற்கிறது.

1933இல் இவ்வாய்வேட்டிற்கு முனைவர் பட்டம் வழங்கப்பட்டது. 1935இல் ஆய்விதழில் கட்டுரையாக வெளிவந்தது. ஸ்ட்ரூப் அதற்குப்பின் உளவியலில் அதிகம் எழுதவில்லை. அதே நகரிலிருந்த டேவிட் லிப்ஸ்கோம் கல்லூரியில் பெரும்பாலும் விவிலியம் கற்பித்தே வாழ்நாளைக் கழித்து, 1973இல் மறைந்தார். அவர் ஒதுங்கிவிட்டாலும் ஆய்வு ஒதுங்கவில்லை. 1991இல் காலின் மக்ளவுட் என்னும் உளவியலார் இத்துறையைத் தொகுத்து எழுதியபோது, ஏறத்தாழ 400 ஆய்வுகளை எடுத்தாள வேண்டியிருந்தது. மூளையில் காயமுற்றோரின் கவனத்திறனை அறியவும் மருத்துவ உளவியலார் இச்சோதனையைப் பயன்படுத்துகின்றனர்.

பந்தயமா, பாதையா?

இக்குறுக்கீட்டிற்குக் காரணம் என்ன? எளிதில் தோன்றும் விளக்கம் ஒன்று உண்டு. சொல்லும் நிறமும் இரு ஓட்டக்காரர்கள். சொல் விரைந்தோடி முதலில் வாயை அடைந்துவிடுகிறது. அதை விரட்டிவிட்டுத்தான் நிறம் உள்ளே நுழையவேண்டியிருக்கிறது. எனவே தாமதம்.

நல்ல விளக்கம்தான். ஆனால் அறிவியலில் விளக்கம் நன்றாயிருந்தால் மட்டும் போதாது, சோதனைக்கு நிற்கவேண்டும். நிறம் பந்தயத்தில் தோற்பதுதான் காரணமென்றால், நிறத்தைச் சற்று முன்னதாகக் காட்டி, சொல்லைப் பிறகு காட்டினால், சொல் படிப்பதை நிறம் தடுக்கவேண்டும் அல்லவா? 1982இல் கிளேசர் என்னும் பெயருடைய ஜெர்மானிய ஆய்வாளர் இருவர் அவ்வாறே செய்து பார்த்தனர். முன்னதாகப் புறப்பட்டும் நிறத்தால் சொல்லைத் தடுக்க இயலவில்லை. 1984இல் டன்பாரும் மக்ளவுடும் சொற்களைத் தலைகீழாக எழுதிப் படிப்பதை மெதுவாக்கிப் பார்த்தனர். மெதுவாக ஓடும் சொல்லும் நிறத்தைத் தடுக்கவே செய்தது. ஆகவே வேகம் மட்டுமே காரணமன்று.

இன்று பலரும் ஏற்கும் விளக்கம், பாதையின் வலிமை என்பது. வயற்காட்டில் நாள்தோறும் பலர் நடந்து பழகிய ஒற்றையடிப் பாதையையும், எப்போதேனும் ஒருவர் நடக்கும் வரப்பையும் எண்ணிப் பாருங்கள். மழை பெய்தால் நீர் எதில் ஓடும்? பழகித் தேய்ந்த பாதையில்தான். படித்தல் அத்தகைய தேய்ந்த பாதை. நிறத்திற்குப் பெயர் சூட்டுவது வரப்பு. வரப்பின் வழியே நீரைத் திருப்ப யாரேனும் மண்வெட்டியுடன் நின்றுகொண்டே இருக்கவேண்டும். அந்த ஆளுக்கு நாம் இட்டிருக்கும் பெயர்தான் 'கவனம்'.

பழக்கம் மாறுமா?

இது வெறும் உவமைதானா, உண்மையில் பழக்கம்தான் காரணமா? ஸ்ட்ரூப்பே இக்கேள்வியை எழுப்பித் தம் மூன்றாம் சோதனையில் விடை தேடினார். 32 மாணவர்களுக்கு எட்டு நாட்கள் பொருந்தாச் சொற்களின் நிறத்தைக் கூறும் பயிற்சி அளித்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட நேரம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதைவிடச் சுவையான செய்தி அடுத்தது. பயிற்சிக்குப்பின் அவர்களை வண்ணச் சொற்களைப் படிக்கச் சொன்னபோது, முன்பு தடையின்றிப் படித்த அவர்களே முதல் முறை குறிப்பிடத்தக்க அளவு தடுமாறினர்! வரப்பும் ஓரளவு பாதையாகிவிட்டது. ஆனால் அத்தடுமாற்றம் மறுமுறை படித்தபோதே பெரிதும் மறைந்தது. எட்டு நாள் பழக்கம் எங்கே, பல ஆண்டுப் பழக்கம் எங்கே!

1988இல் மக்ளவுடும் டன்பாரும் இதை மேலும் தெளிவாக்கினர். முன்பின் பார்த்திராத சில வடிவங்களுக்கு நிறப் பெயர்களையே பெயராகச் சூட்டி, பார்த்தவுடன் பெயர் சொல்லப் பயிற்றினர். பயிற்சியின் தொடக்கத்தில், வடிவத்தின் பெயரைச் சொல்ல முயன்றவர்களை மையின் நிறம் தடுத்தது. இருபது நாள் பயிற்சிக்குப்பின் நிலைமை தலைகீழாயிற்று. நிறத்தைக் கூற முயன்றபோது வடிவத்தின் பெயர் வந்து தடுத்தது! ஆக, எது தடுக்கும், எது தடுக்கப்படும் என்பது பிறவியிலேயே எழுதப்பட்டதன்று. பழக்கமே அதைப் பெரிதும் முடிவு செய்கிறது.

இதனால்தான் இன்னும் எழுத்தறியாத குழந்தை, இச்சோதனையில் பட்டதாரியான தந்தையைத் தோற்கடிக்கலாம். சொல் அக்குழந்தைக்கு வெறும் கிறுக்கல். எனவே தடை இல்லை. படிக்கக் கற்றதும் தடை தோன்றி, தொடக்கப் பள்ளிப் பருவத்தில் மிகுந்து, வளர வளரக் குறைந்து, முதுமையில் மீண்டும் கூடுகிறது. இத்தடை அறியாமையின் அடையாளமன்று. கல்விக்கு நாம் கொடுக்கும் சிறு விலை.

நீங்களே செய்யலாம்

ஆய்வு என்றதும் பெரிய கட்டடமும் வெளிநாட்டுக் கருவியும் நினைவுக்கு வருகின்றன. இதற்கு நான்கு வண்ணப் பேனாக்களும் இரண்டு அட்டைகளும் போதும். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என நான்கு நிறங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சொல்லைத் தன் நிறம் தவிர்த்த மூன்று நிறங்களில் எழுதலாம். நான்கு சொற்களுக்குப் பன்னிரண்டு சேர்க்கைகள். ஒவ்வொன்றையும் இரு முறை எழுதினால் 24 சொற்கள் ஆகும். வரிசைக்கு நான்காக, ஒரே நிறம் அடுத்தடுத்து வராமல் கலந்து எழுதுங்கள். மற்றோர் அட்டையில் அதே நிற வரிசையில் 24 வண்ணச் சதுரங்களை வரைந்துகொள்ளுங்கள்.

உங்கள் நண்பர்களுள் பாதிப் பேர் சதுர அட்டையை முதலிலும், மறுபாதியினர் சொல் அட்டையை முதலிலும் செய்யட்டும். அப்போதுதான் பழக்கத்தாலோ களைப்பாலோ வரும் வேறுபாடு ஒருபுறமே சாயாது. நிறங்களைப் பிரித்தறிய இயலாதோர் சிலர் இருக்கக்கூடும். முதலில் சதுரங்களைக் காட்டி அதை அறிந்துகொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் இரு நேரங்களையும் கழித்து 24ஆல் வகுத்தால், ஒரு சொல்லுக்கான தடை நேரம் கிடைக்கும்.

இத்துடன் நின்றுவிடவேண்டாம். சொற்களை ஆங்கிலத்தில் எழுதிய அட்டை ஒன்றும் செய்து, விடையை மட்டும் தமிழில் கூறச் சொல்லுங்கள். இருமொழி அறிந்தோரிடையே, ஒரு மொழியில் எழுதிய சொல் மற்றொரு மொழியில் விடை சொல்வதையும் தடுக்கிறது என்று பிற நாடுகளில் கண்டிருக்கின்றனர். தமிழ்வழியில் பயின்றவர், ஆங்கிலவழியில் பயின்றவர் என இரு குழுக்களையும் ஒப்பிட்டால் என்ன வரும்? மின்னணுவியல் பயிலும் மாணவருக்கு இன்னொரு கேள்வி. மின்தடையங்களில் கறுப்புப் பட்டை 0, பழுப்பு 1, சிவப்பு 2 எனத் தொடங்கும் நிறக் குறியீட்டை நீங்கள் ஓர் ஆண்டு பழகியிருக்கிறீர்கள். எண்களைத் தவறான குறியீட்டு நிறங்களில் எழுதி, நிறத்திற்குரிய எண்ணைச் சொல்லச் செய்தால், முதலாண்டு மாணவருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவருக்கும் வேறுபாடு இருக்குமா? ஆய்வேடுகள் இத்தகைய சிறு கேள்விகளிலிருந்தே பிறக்கின்றன.

கம்பிகளின் நிறம்

இது அட்டை விளையாட்டோடு முடிவதன்று. இங்கிலாந்தில் மின்கம்பிகளின் நிறங்கள் 2004ஆம் ஆண்டு முதல் மாற்றப்பட்டன. பழைய முறையில் கறுப்பு நியூட்ரல். நீலம், மும்முனை இணைப்பில் ஒரு ஃபேஸ். புதிய முறையிலோ நீலம் நியூட்ரல். கறுப்பு ஒரு ஃபேஸ்! பழைய முறையில் கைதேர்ந்த பணியாளருக்கே இம்மாற்றம் பெரும் பொறி. புதிய விதி அவருக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கை பழகியிருப்பது வேறு. ஆகவே இருவகை நிறங்களும் கலந்துள்ள இடங்களில் எச்சரிக்கை அட்டை ஒட்டவேண்டும் என்று விதி செய்தனர். 'கவனமாக இருங்கள்' என்று சொல்வதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதைக் காணுங்கள். நம் நாட்டு வீடுகளிலும் சுவருக்குள் சிவப்பு, கறுப்பு, பச்சைக் கம்பிகளும், சாதனங்களின் வடங்களில் பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் கோடிட்ட கம்பிகளும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள்.

இனி அம்மீட்டருக்கு வருவோம். அறிவியல் மன்றக் கூட்டத்தில் நானே மேடையில் நின்று, பொருந்தாச் சொற்கள் எழுதிய அட்டையைக் கையில் எடுத்தேன். நிறுத்து கடிகாரத்தைப் பிடிக்க முன்வந்தவன் அதே மாணவன். சோதனையைத் தயாரித்தவன் நான்; அட்டையை எழுதியவன் நான்; தந்திரம் முழுவதும் எனக்குத் தெரியும். ஆயினும் மூன்றாம் வரிசையில் சிவப்பு மையைப் பார்த்துக்கொண்டே 'பச்சை' என்றேன். அரங்கம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை; நேரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கண்ணைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். பார்த்துத்தான் சொன்னேன்.

கூட்டம் முடிந்ததும் அவனிடம் சென்று, "தம்பி, அன்று நீ சொன்னது உண்மைதான்" என்றேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை, பிறகு தலையசைத்தான். மறுநாள் புதிய அம்மீட்டர்கள் ஒவ்வொன்றின் முகப்பிலும் சிவப்புக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, அதில் 'ஒரு பிரிவு 0.1' என்று எழுதி வைத்தோம். எழுதியவன் அவனே. எழுத்தைப் படிக்காமல் இருக்க மனிதனால் முடியாது என்றால், அந்தப் பலவீனத்தையே நாம் துணையாகக் கொள்ளலாம் அல்லவா?

தவறு நேர்ந்தவுடன் 'கவனமில்லை' என்று கூறிவிடுவது எளிது. ஆனால் கவனம் என்பது வற்றாத ஊற்றன்று. பழகிய பாதையை எதிர்த்து நிற்கும் ஒரு தனி ஆள். அவன் சில நேரம் களைத்துப் போவான். பெற்றோரும் ஆசிரியரும் கருவி செய்வோரும் இதை மனத்திற் கொண்டால், கடிந்துகொள்ளுமுன் முகப்பை ஒருமுறை உற்று நோக்குவர். இக்கட்டுரையின் இரண்டாம் பட்டியலை உங்கள் வீட்டில் எல்லாரிடமும் கொடுத்துப் பாருங்கள். தடுமாறாதவர் யாரேனும் உண்டா?